விண்டர் டிப்ரெஷனும் லைட் தெரபி விளக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றி வைப்போம். அடுத்த கிழமையே மாலை ஐந்து மணிக்கு முன்னால் இருட்டிவிடும். அதோடு, குளிர்கால மனச்சோர்வு பற்றியும், அதற்குக் காலையில் முன்னால் இருந்து வெளிச்சம் எடுக்கும் விளக்கு பற்றியும் கேள்விகள் வரத் தொடங்கும். கீழே உள்ள பதில்கள் ரொறொன்ரோப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியவை. லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அங்கே இருட்டு இன்னும் கூட, அவ்வளவுதான்.

விண்டர் வந்தால் எல்லாருக்கும்தான் சோம்பல். இதை ஒரு வருத்தம் என்று எப்போது சொல்வது?

இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீட்டுக்கு வருகிறவர் யாருக்கும் சலிப்பு வரும். சனிக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தால் அது பறந்துவிடும். பருவகால மனச்சோர்வு அப்படிப் பறக்காது. ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே மாதத்தில் வரும், வசந்தம் வந்தால் தானாகப் போகும். தொடர்ந்து இரண்டு வருடமாவது இப்படி வந்து போயிருந்தால்தான் மனநல மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள்.

இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. வழக்கமான மனச்சோர்வில் நித்திரை வராது, சாப்பாடு இறங்காது. இதில் பெரும்பாலும் தலைகீழ். பத்து மணித்தியாலம் படுத்தும் எழும்ப முடியாது. சோறும் பாணும் இனிப்பும் கேட்கும், உடம்பு போடும். கை கால் ஈயம் கட்டியதுபோலக் கனக்கும். தொலைபேசி அடித்தால் எடுக்க மனம் வராது. கலியாண வீடு, பிறந்தநாள் என்று எதற்கும் ஒரு சாட்டுச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்றோ தலைக்கனம் என்றோதான் எடுப்பார்கள். பாதிக்கப்பட்டவரும் அப்படித்தான் நம்புவார். உதவி தேடுவது பல வருடம் தள்ளிப்போவதற்கு முக்கிய காரணம் இதுதான்.

ஊரில் இருக்கும்போது இப்படி ஒன்று கேள்விப்பட்டதே இல்லையே?

கேள்விப்பட்டிருக்க வழியில்லை. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணித்தியாலம். மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும். சென்னையிலும் கிட்டத்தட்ட அதே கதை. ரொறொன்ரோவில் டிசம்பர் 21-ஆம் தேதி சூரியன் 7.48-க்கு உதித்து 4.44-க்கு மறைகிறது. ஜூனில் பகல் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல். லண்டனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு, ஒஸ்லோவில் ஆறுக்கும் குறைவு. வட நோர்வேயில் பின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போன எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

இந்த வருத்தம் எந்த இனத்துக்கும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது, பெரும்பாலும் இளம் வயதில் தொடங்குகிறது. வந்து சேர்ந்த முதல் விண்டரில் ஒன்றும் தெரியாமல், சில வருடம் கழித்துத் தொடங்குவதும் உண்டு.

குளிர்தானே காரணம்?

குளிர் இல்லை, வெளிச்சம். அதிலும் முக்கியமாகக் காலை வெளிச்சம்.

எங்கள் கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான கலங்களோடு இன்னொரு வகைக் கலமும் இருக்கிறது. 2002-இல்தான் அது தெளிவாகத் தெரிய வந்தது. படம் காட்டுவது அதன் வேலை இல்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்பதை அளந்து, மூளையின் அடியில் இருக்கும் உடல் கடிகாரத்துக்கு அறிவிப்பதுதான் வேலை. நீலம் சார்ந்த வெளிச்சம் அதை நன்றாகத் தூண்டும். பகல் வந்துவிட்டது என்று கடிகாரத்துக்குத் தெரிந்தால், இரவில் சுரக்கும் மெலட்டோனின் அடங்கும். டிசம்பரில் நீங்கள் ஆறு மணிக்கு எழும்பும்போது வெளியே நள்ளிரவு மாதிரி இருக்கிறது. உடம்பின் கணக்கில் இன்னும் விடியவில்லை. வேலைக்கு மட்டும் விடிந்துவிட்டது. இப்படிக் கடிகாரம் பின்தங்கிப்போவதுதான் பலருக்கு இந்தச் சோர்வின் அடிப்படை என்று ஒரு விளக்கம் சொல்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் குளிர்காலத்தில் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது.

இதை யார் கண்டுபிடித்தது?

நோர்மன் ரோசெந்தால் என்ற மனநல மருத்துவர். வெயில் நிறைந்த ஜொகனஸ்பர்கிலிருந்து 1976-இல் நியூயோர்க் வந்தவர். விண்டரில் தன்னுடைய வேகம் குறைந்து, வசந்தத்தில் திரும்பி வருவதைக் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கே 1980-இல் அல்பிரட் லூயியும் மற்றவர்களும், போதுமான அளவு பிரகாசமான வெளிச்சம் மனிதரின் மெலட்டோனினை அடக்கும் என்று காட்டியிருந்தார்கள். சாதாரண வீட்டு வெளிச்சம் அதற்குப் போதவில்லை. தன் மனநிலையைப் பல வருடமாகக் குறித்து வைத்திருந்த ஒரு பொறியியலாளர் அந்த ஆய்வாளர்களிடம் போனார். அவரைக் கடும் வெளிச்சத்துக்கு முன்னால் இருத்திப் பார்த்தார்கள், சில நாட்களில் தேறினார். 1984-இல் ரோசெந்தால் குழு இந்த வருத்தத்தை விவரித்துக் கட்டுரை வெளியிட்டது. இடம்பெயர்ந்த ஒருவர்தான் இதைக் கண்டுகொண்டார் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அங்கேயே பிறந்தவர்களுக்கு அது 'விண்டர் என்றால் அப்படித்தான்'.

வீட்டில் எல்லா லைட்டையும் போட்டு வைத்தால் போதாதா?

போதாது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற வீடும் உண்மையில் மங்கல்தான். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்பார்கள். இரவில் விறாந்தையில் லைட் எல்லாம் போட்டாலும் 100, 200 லக்ஸ்தான் வரும். அலுவலகத்தில் 300 முதல் 500. மேகம் மூடிய குளிர்காலப் பகலில் வெளியே போனால் சில ஆயிரம். கோடை வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். கண்மணி சுருங்கி விரிந்து சமாளித்துக்கொள்வதால் இந்த வித்தியாசம் எங்களுக்குப் புரிவதில்லை. சிகிச்சைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 10,000 லக்ஸ், தினமும் அரை மணித்தியாலம். ஆரம்ப ஆய்வுகளில் 2,500 லக்ஸ் பாவித்தார்கள், அதற்கு இரண்டு மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டியிருந்தது.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

பெட்டியில் '10,000 லக்ஸ்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை விட்டுவிடுங்கள். எந்தத் தூரத்தில் 10,000 என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். நல்ல விளக்கு 30 சென்ரிமீற்றரில் அந்த அளவைத் தரும். கைபேசி அளவில் இருக்கும் மலிவான சில விளக்குகள் 10, 15 சென்ரிமீற்றரில்தான் தரும். மூக்கு முட்ட அரை மணித்தியாலம் யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தால் மருந்து தீர்ந்தது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாகும் என்று நினைக்காதீர்கள், கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும்.

விளக்கின் முகப்பு பெரிதாக இருப்பது நல்லது, அப்போதுதான் தலையைச் சற்று அசைத்தாலும் வெளிச்சம் கண்ணில் விழும். வெள்ளை வெளிச்சமே போதும், நீல விளக்கு தேவையில்லை. புற ஊதாக் கதிரை வடிகட்டியது என்று எழுதியிருக்க வேண்டும். விலை நூறு டொலரைச் சுற்றி, கூடவும் குறையவும் இருக்கும். வேலையிடக் காப்புறுதி சிலவற்றில் டொக்டரின் சீட்டைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும், வாங்க முதல் கேட்டுப் பாருங்கள். ரொறொன்ரோ பொது நூலகம் சில வருடங்களுக்கு முன் ஸ்காபரோவின் மல்வேர்ண் கிளை உட்பட ஒன்றிரண்டு கிளைகளில் இந்த விளக்குகளை வைத்துப் பார்த்தது. உங்கள் பக்கத்து நூலகத்திலும் விசாரிக்கலாம். வாங்க முதல் ஒருமுறை முன்னால் இருந்து பார்ப்பது நல்லதுதானே.

சரி, வாங்கியாச்சு. எப்படிப் பாவிப்பது?

எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள். குசினி மேசைதான் வசதி. சாப்பாட்டுத் தட்டுக்கு நேர் முன்னால் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வரும்படி வையுங்கள். உயரம் காணாவிட்டால் கீழே இரண்டு தடித்த புத்தகத்தை அடுக்கலாம். முகத்துக்கும் விளக்குக்கும் இடையே அடிமட்டம் ஒன்றின் நீளம், அதாவது 30 சென்ரிமீற்றர். உங்கள் விளக்கின் கையேடு வேறு தூரம் சொன்னால் அதை எடுங்கள். முதல் நாள் மட்டும் அடிமட்டத்தை வைத்து அளந்துவிட்டு, விளக்கின் அடிப்பாகம் வரும் இடத்தில் மேசையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

கண் திறந்திருக்க வேண்டும், ஆனால் விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. தேத்தண்ணி குடிக்கலாம், பாணோ புட்டோ சாப்பிடலாம், பேப்பர் வாசிக்கலாம். கறுப்புக் கண்ணாடி போடாதீர்கள், பார்வைக் கண்ணாடி பரவாயில்லை. இடையில் எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்து, பிள்ளையின் சப்பாத்தைத் தேடி, திரும்பி வந்தால் அந்த நேரம் கணக்கில் வராது. விளக்கு வேலை செய்யவில்லை என்கிறவர்களில் பாதிப் பேர் இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. பத்து நிமிடம் முன்னதாக எழும்பினால், வீடு அமளிப்பட முதல் முடிக்கலாம்.

மாலையில் வேலை முடிந்து வந்து இருந்தால் என்ன?

நித்திரை கெடும். மாலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும். பெரும்பாலானோருக்கு வேண்டியது அதை முன்னுக்கு இழுப்பது.

இரவு ஷிப்ட் செய்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் உள்ள நேரங்கள் பொருந்தாது. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து படுக்கப் போகிறவர் அந்த நேரத்தில் விளக்கின் முன் இருந்தால் உள்ள நித்திரையும் போய்விடும். உங்களுக்கு 'காலை' என்பது நீங்கள் எழும்பும் நேரம், ஆனால் ஷிப்ட் மாறி மாறி வந்தால் அதுவும் குழம்பும். நித்திரை பற்றித் தெரிந்த டொக்டரோடு பேசி உங்களுக்கென்று ஒரு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும்?

பலருக்கு முதல் கிழமையிலேயே, சிலருக்கு இரண்டு, மூன்று கிழமை. முதலில் மாறுவது காலையில் எழும்பும் விதம், மனம் அதற்குப் பிறகுதான் தெளியும். கொஞ்சம் சுகம் வந்தவுடன் நிறுத்தினால் சில நாட்களில் சோர்வு திரும்பிவிடும்.

நீரிழிவு இருக்கிறது. கண்ணுக்கு ஆபத்தா?

எங்கள் ஆட்களில் பலருக்குக் கட்டாயம் பொருந்தும் கேள்வி இது. ஆரோக்கியமான கண்ணுக்கு இந்த விளக்குகள் பாதுகாப்பானவை என்றே கருதப்படுகின்றன. ஆனால் நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், வயதோடு வரும் மக்குலர் சிதைவு உள்ளவர்கள், வேறு விழித்திரை நோய் உள்ளவர்கள் கண் டொக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நீரிழிவு இருந்தும் கண்ணில் ஒரு குறையும் தெரியவில்லை என்றாலும் முதலில் பரிசோதித்துவிடுங்கள், விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் நோகாது, பார்வையையும் மறைக்காது. ஒன்ராறியோவில் நீரிழிவு உள்ளவர்களின் வருடாந்தக் கண் பரிசோதனைக்கு மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் பணம் கட்டும்.

மருந்துகளையும் கவனிக்க வேண்டும். சில மருந்துகள் தோலையும் கண்ணையும் வெளிச்சத்துக்குக் கூச வைக்கும்: டொக்சிசைக்ளின் போன்ற அன்ரிபயோட்டிக், இதயத்துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன், மனச்சோர்வுக்கென்று மூலிகைக் கடையில் விற்கும் சென் ஜோன்ஸ் வோர்ட். பார்மசியில் உங்கள் மருந்துப் பட்டியலைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டால் போதும், அதற்குப் பணம் இல்லை.

வேறு பக்க விளைவுகள்?

தலையிடி, கண் களைப்பு, கொஞ்சம் குமட்டல், படபடப்பு. பெரும்பாலும் சில நாளில் அடங்கும். அடங்காவிட்டால் நேரத்தைப் பதினைந்து நிமிடமாகக் குறைத்து மெல்ல ஏற்றுங்கள்.

ஒன்றை மட்டும் பெரிதாக எடுங்கள். பைபோலர், அதாவது மனம் ஒருசமயம் மிகத் தாழ்ந்தும் ஒருசமயம் அளவுமீறித் துள்ளியும் போகும் வருத்தம், உள்ளவர்களுக்கு, அல்லது குடும்பத்தில் அது உள்ளவர்களுக்கு, காலைக் கடும் வெளிச்சம் மனதை மறுபக்கம் தூக்கிவிடலாம். நித்திரை தேவைப்படாமல் போவது, நிறுத்தாமல் பேசுவது, காசைக் கண்டபடி செலவழிப்பது என்று தெரிந்தால் விளக்கை நிறுத்திவிட்டு உடனே டொக்டரிடம் போங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நடுப்பகலில், குறைந்த நேரத்தோடு, மேற்பார்வையில் கொடுக்கும் முறை இருக்கிறது.

விற்றமின் டி எடுக்கிறேன். அது போதாதா?

இரண்டும் வேறு விஷயம். விற்றமின் டி புற ஊதாக் கதிரால் தோலில் உண்டாவது. இந்த விளக்கு அந்தக் கதிரை வடிகட்டிவிடும், வேலை செய்வது கண் வழியாக. குளிர்காலத்தில் கறுத்த தோல்காரரான எங்களுக்கு விற்றமின் டி குறைவது சாதாரணம், அதை எடுங்கள். ஆனால் அதை விளக்குக்குப் பதிலாக நினைக்காதீர்கள். தோலைக் கறுக்க வைக்கும் ரானிங் படுக்கை இதற்கு உதவாது, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல்.

உண்மையிலேயே வேலை செய்யுமா, மனப்பிரமையா?

நியாயமான சந்தேகம். வெளிச்சத்தை மறைத்து வைத்து ஆய்வு செய்ய முடியாதே. கனடாவில் நான்கு நிலையங்களில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு அதற்கு ஒரு வழி கண்டது. 96 பேர், எட்டுக் கிழமை. ஒரு பாதிக்கு 10,000 லக்ஸ் விளக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரையும். மற்றப் பாதிக்கு ஃபுளுவொக்ஸ்ரீன் என்ற மனச்சோர்வு மாத்திரையும், பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் மங்கலான விளக்கும். இரண்டு பக்கமும் 67 சதவீதம் பேர் தேறினார்கள். விளக்குப் பக்கத்தில் முன்னேற்றம் சற்று முந்தித் தெரிந்தது, பக்க விளைவும் குறைவு.

ஆனால் விளக்கு அந்த விண்டருக்குத்தான். அமெரிக்காவின் வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் 177 பேரை வைத்து, விளக்கையும் இந்த வருத்தத்துக்கென்று வடிவமைத்த பேச்சுச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். முதல் விண்டரில் இரண்டும் சமம். இரண்டு விண்டர் கழித்துப் பார்த்தபோது விளக்குக்காரரில் நூற்றுக்கு 46 பேருக்குத் திரும்பி வந்திருந்தது, பேச்சுச் சிகிச்சை எடுத்தவரில் 27 பேருக்கு. ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்: பலர் அடுத்த வருடம் விளக்கை எடுத்து வைக்கவே இல்லை. வருடா வருடம் இந்த வருத்தம் வருகிறவர்கள் வசதி இருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது என்பேன். மருந்திலும் வழி உண்டு. புப்ரோபியோன் என்ற மாத்திரையை இலையுதிர் காலத்திலேயே தொடங்கி இதைத் தடுக்கலாம் என்று அமெரிக்கா 2006-இல் அனுமதித்தது. ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறவர்கள் விளக்கு வாங்கியதும் அதை நிறுத்திவிடாதீர்கள்.

வெளியே நடந்தால் காசு மிச்சம்தானே?

மிச்சம்தான், நல்லதும்கூட. மேகமூட்டமான நாளிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் உள்ளே இருப்பதைவிடப் பல மடங்கு. ஸ்னோ விழுந்த அடுத்த நாள் வெயில் எறித்தால் கேட்கவே வேண்டாம். மதிய இடைவேளையில் காருக்குள் இருந்து சாப்பிடாமல் அரை மணித்தியாலம் நடந்தால் பலன் தெரியும். லேசான சோர்வு உள்ளவர்களுக்கு இதுவே போதுமாக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், வெளிச்சம் கூடுதலாக வேண்டிய நேரம் எழும்பியவுடன், அப்போது இங்கே வெளியேயும் இருட்டு. அதற்குத்தான் விளக்கு.

நோர்வேயில் ரியூக்கான் என்று ஒரு பள்ளத்தாக்கு ஊர் இருக்கிறது. செப்டம்பர் முதல் மார்ச் வரை மலை மறைப்பதால் நேர் வெயில் விழாது. 1928-இல் அங்கிருந்த தொழிற்சாலை, மக்கள் மேலே போய் வெயில் காயட்டும் என்று கேபிள் கார் கட்டிக் கொடுத்தது. 2013-இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நட்டு, வெயிலைத் திருப்பி ஊர்ச் சதுக்கத்தில் விழ வைத்தார்கள். சனம் கதிரை போட்டு அதற்குள் இருக்கிறது.

ஊரிலிருந்து வந்த அம்மா விண்டர் முழுக்க அறைக்குள்ளேயே இருக்கிறார். அவருக்கும் இதுவா?

இருக்கலாம், ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். வயதானவர் ஒதுங்குவதற்குத் தனிமை, விழுந்துவிடுவேன் என்ற பயம், தைரொய்ட் குறைபாடு, இரத்தச் சோகை, மறதி நோயின் தொடக்கம் என்று பல காரணம் உண்டு. முதலில் குடும்ப டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 'மனசு சரியில்லையா அம்மா?' என்று கேட்டால் 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறேன்' என்றுதான் வரும். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, கோயிலுக்குப் போக மனம் வருகிறதா என்று கேளுங்கள், கதை தானாக வரும். அப்புறம் அவருடைய கதிரையை ஜன்னலடிக்கு மாற்றுங்கள், திரைச்சீலையை விலக்குங்கள். விளக்கு என்றால் கண் பரிசோதனைக்குப் பிறகு.

எப்போது விளக்கையெல்லாம் விட்டுவிட்டு உடனே உதவி தேட வேண்டும்?

சாகலாம் போல இருக்கிறது, நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்ற நினைப்பு வந்தால். வேலைக்கோ பள்ளிக்கோ போகவே முடியாமல் போனால். கனடாவில் 988-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இங்கிலாந்திலும் நோர்வேயிலும் 116 123. உடனடி ஆபத்து என்றால் கனடாவில் 911, இங்கிலாந்தில் 999, நோர்வேயில் 113. வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் 'விசர்க்கதை கதைக்காதே' என்று அடக்காமல் பக்கத்தில் இருங்கள்.

வருடத்தில் எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது?

போன விண்டரில் எந்த மாதம் சரிந்தீர்கள் என்று யோசியுங்கள், அதற்கு இரண்டு, மூன்று கிழமை முன்னால் தொடங்குங்கள். ரொறொன்ரோவில் பலருக்கு அது செப்டம்பர் கடைசி, ஒக்டோபர் முற்பகுதி. விழுந்த பிறகு தொடங்கினாலும் பலன் உண்டு, ஆனால் அந்த நிலையில் விளக்கை அலுமாரியிலிருந்து இறக்கவே மனம் வராது. சித்திரை வருடப்பிறப்பு வரும்போது பெரும்பாலானோர் நிறுத்தியிருப்பார்கள். ஒரே நாளில் விடாமல் அரை மணித்தியாலத்தை இருபது, பத்து என்று குறையுங்கள். காலையில் எழும்புவது திரும்பவும் பாடாகத் தொடங்கினால் இன்னும் இரண்டு கிழமை முழு நேரமும் வைத்துப் பாருங்கள்.